சூடானால் மட்டும் சார்ஜ் செய்ய மறுத்த ஆல்டர்னேட்டர்: இரண்டரை ஆண்டு அனுபவம்

எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை நிரப்புவதுதான் ஆல்டர்னேட்டர். சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டு பதிவான என் 1.6 லிட்டர் காரில் இந்தக் கோளாறு முதன்முதலாகத் தலைகாட்டியது 2023 பிப்ரவரியில். அலுவலகம் கிளம்புவதற்காக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் நான்காம் தளத்துக்குப் போய்ச் சாவியைத் திருப்பினால், 'டக் டக்' என்ற ஒலியைத் தவிர வேறெதுவும் வரவில்லை. பேட்டரிக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. இங்குள்ள வெயிலுக்கு அவ்வளவுதான் ஆயுள் என்று பலரும் சொல்லிக் கேட்டிருந்ததால், மறுயோசனை இல்லாமல் புதியது வாங்கிப் போட்டேன். மே மாதத்தில் மீண்டும் அதே ஒலி.

இம்முறை என் சந்தேகம், கார் நிற்கும்போதும் மின்சாரம் இழுக்கக்கூடிய டேஷ்கேமின் (காரின் கண்காணிப்புக் கேமரா) மீது விழுந்தது. காரைப் பூட்டி அரைமணி நேரம் விட்டுவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்துப் பார்த்தேன். 25 மில்லிஆம்பியர் காட்டியது. 50க்குள் இருந்தால் கவலையில்லை என்பது பொதுவான கணக்கு. ஆகவே இரவில் மின்சாரம் கசியவில்லை. பகலில்தான் பேட்டரி நிரம்பவில்லை என்பது அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. ஊபி வட்டாரத்தில் ஒரு பணிமனைக்குக் கொண்டுபோனேன். என் முறை வருவதற்குள் எஞ்சின் நன்றாக ஆறிவிட்டிருந்தது; ஓடவிட்டு அளந்தபோது 14.2 வோல்ட் காட்டியது. "ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கு, பேட்டரிதான் சரியில்லை" என்று சொல்லிவிட்டார்கள். நான்கு மாதத்துக்குள் இரண்டாவது பேட்டரி.

அந்தச் செலவு உறுத்தியதால், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய வோல்ட்மீட்டர் ஒன்றை எட்டு வெள்ளிக்கு வாங்கினேன். பேட்டரி முனையில் அளப்பதைவிடச் சற்றுக் குறைத்தே அது காட்டும் என்றாலும், காரில் பல்லாண்டுகளாக நான் செய்த செலவுகளில் உருப்படியானது அதுதான் என்பேன். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிறு இரவு, மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து திரும்பும்போது, இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலத்தின் நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஊர்ந்துகொண்டிருந்த வேளையில், 14.1 என்று நின்றிருந்த எண் 12.3க்கு இறங்கியது; சார்ஜ் நின்றுவிட்டது என்று அர்த்தம். முகப்பலகையில் பேட்டரி விளக்கு அணையும் தணல்போல் மங்கலாகத் தெரிந்தது. பகலாக இருந்திருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது. "பதினொன்று புள்ளி ஒன்பதுங்க" என்று மனைவி வாசிக்க, ஏர்கானையும் வானொலியையும் அணைத்துவிட்டு, லாரிப் புகைக்கு நடுவே கண்ணாடியை இறக்கினேன். ஏர்கான், முகப்பு விளக்கு, எரிபொருள் பம்ப் எல்லாம் சேர்ந்து 30 முதல் 40 ஆம்பியர் வரை இழுக்கும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி மட்டுமே அதைச் சுமந்தால் ஒரு மணி நேரத்துக்கே திண்டாட்டம்தான். சோதனைச்சாவடியைக் கடந்து புக்கிட் தீமா விரைவுச்சாலையில் வேகம் எடுத்த சில நிமிடங்களில், ஒன்றுமே நடவாததுபோல் எண் 14க்குத் திரும்பியது.

நண்பர் வழியாக அறிமுகமான தமிழ் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் இதை விவரித்தேன். அவர் சொன்ன முதல் சொல்லே மற்றவர்கள் கேட்கத் தவறியதுதான்: "வண்டிய ஆறவிட்டுக் கொண்டாராதீங்க அண்ணே. ஜாம்ல ஓட்டிட்டு நேரா இங்க வாங்க." மாலை நெரிசலில் தீவு விரைவுச்சாலையைச் சுற்றிவிட்டுப் போய் நின்றபோது மீட்டர் 12.2 காட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினை அவர் நிறுத்தவிடவில்லை. பெல்ட் நழுவவில்லை என்று பார்த்துக்கொண்டார். பின்புற இணைப்பியை ஆட்டினார், மாற்றமில்லை. ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.04 வோல்ட் மட்டுமே இருந்ததால் எர்த் கம்பியின் மேல் பழியில்லை. அதன்பின் சுத்தியலின் மரப்பிடியால் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் மெதுவாக இரண்டு தட்டு தட்டினார். 12.2 என்பது 14.1க்குத் தாவியது. "பிரஷ்" என்றார், அவ்வளவுதான்.

கழற்றிக் காட்டியபோது, புதியதில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்க வேண்டிய, பிரஷ் எனப்படும் கார்பன் துண்டுகளில் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கே எஞ்சியிருந்தது. சுழலும் ரோட்டாரைக் காந்தமாக்கும் மின்சாரம் இந்தத் துண்டுகள் வழியாகத்தான் ரோட்டாரோடு சுழலும் உலோக வளையமான சிலிப் ரிங்குக்குப் போகிறது. கார்பன் தேயத் தேய ஸ்பிரிங்கின் அழுத்தமும் தளர்ந்து, சூட்டிலும் அதிர்விலும் தொடுப்பு விட்டுவிட்டு அறுபடும். தொடுப்பு அறுந்தால் காந்தப்புலம் இல்லை. காந்தப்புலம் இல்லையேல் சார்ஜ் இல்லை. தட்டினாலோ குலுங்கினாலோ மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இடையில் கார்நிறுத்துமிடத்தில் ஒருவர், எஞ்சின் ஓடும்போதே பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்த்தால் ஆல்டர்னேட்டரின் லட்சணம் தெரிந்துவிடும் என்று அக்கறையோடு சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த நொடியில் எகிறும் மின்னழுத்தம், சார்ஜ் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் எஞ்சின் கணினியையும் ஒருசேரப் பொசுக்கிவிடக்கூடும்.

பிரஷ், ரெகுலேட்டர் இரண்டையும் மாற்ற 95 வெள்ளி. புதுப்பித்த ஆல்டர்னேட்டர் என்றால் 380. இங்கே கார் வைத்திருக்கக் கட்டாயமான வாகன உரிமைச் சான்றிதழ் முடிய ஒரு வருடம்கூட இல்லாததால் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் 2024இல் சான்றிதழை ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க நேர்ந்தது. ஐந்தாண்டுப் புதுப்பிப்பு எடுத்த காரை மறுமுறை நீட்டிக்க முடியாது என்பதால் வண்டிக்கு 2029தான் எல்லை. அதுவரை அந்தப் பிரஷ் தாங்கும் என்றே நம்பினேன். பிரஷ் கடைசிவரை குறைசொல்ல இடமளிக்கவில்லை; பேரிங்தான் 2025 செப்டம்பரில் முனகத் தொடங்கியது. சிலிப் ரிங்கிலும் பள்ளம் விழுந்திருந்தது. இம்முறை தயங்காமல் முழுவதையும் மாற்றிவிட்டேன். 2023இலேயே மாற்றியிருந்தால் 95 வெள்ளி மிஞ்சியிருக்கும் என்று மனைவி கணக்குச் சொல்கிறார். அன்று இருந்த கணக்குக்கு நான் செய்தது சரி என்றே இன்னமும் நினைக்கிறேன்.

புதிய ஆல்டர்னேட்டர் காலையில் 14.3 காட்டுகிறது, நெரிசலில் சூடேறிய பின் 13.8க்கு இறங்குகிறது. முதல் வாரம் இதைக் கண்டு பதறி எலக்ட்ரீஷியனை அழைத்தேன். சூடு கூடும்போது மின்னழுத்தத்தைக் குறைப்பது ரெகுலேட்டரின் இயல்பு என்றும், 13க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் மட்டும் கூப்பிடும்படியும் சொன்னார். கணினியே சார்ஜைக் கட்டுப்படுத்தும் புதிய ரகக் கார்களுக்கு இந்த எண்கள் பொருந்தா. அவற்றில் பேட்டரி நிரம்பியதும் வேண்டுமென்றே 13க்குக் கீழும் இறக்குவார்கள். வோல்ட்மீட்டர் இன்னும் அதே துளையில் இருக்கிறது. கடற்பாலத்தில் நிற்கும்போது மட்டும், கேட்காமலே மனைவி எண்ணை வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்.