எங்கள் வீட்டில் ஓராண்டு ஓ-பேர்: ஏஜென்சிக்கு 3 நட்சத்திரம், வந்த பெண்ணுக்கு 5

ஓ-பேர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. வேறொரு நாட்டிலிருந்து வரும் இளம்பெண்ணோ இளைஞரோ நம் வீட்டிலேயே ஓர் அறையில் தங்கி, நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டு, தினமும் சில மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் மொழி படிப்பதும் ஊர் பார்ப்பதுமாக இருக்கிற ஏற்பாடு அது. பிரெஞ்சுச் சொல், சரிசமமாக என்று பொருள். அதாவது வருபவர் வீட்டு வேலைக்காரர் இல்லை, வாத்தியாரும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், எங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்சி "வீட்டோடு தங்கும் ஆசிரியை" என்று சொல்லித்தான் இந்தச் சேவையை விற்றது. என் பெரிய மனக்குறையும் அதுதான்.

எங்களுக்கு நாலு வயதில் ஒரு பெண், ஒன்றரை வயதில் ஒரு பையன். வந்த பெண்ணின் கையில் ஏஜென்சி ஒரு தடிமனான கோப்பைக் கொடுத்து அனுப்பியிருந்தது. ஒன்பதரைக்கு நிறங்கள், பத்து மணிக்கு எழுத்து அட்டை, பத்தரைக்கு எண்கள் என்று மணிவாரியாகக் கட்டம் போட்ட அட்டவணை. பாவம், அவரும் முதல் மூன்று வாரம் அதை அப்படியே செய்து பார்த்தார். மகள் அட்டையைப் பார்த்ததும் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். நன்றாகத் தெரிந்த நிறத்தைக் காட்டிக் கேட்டால்கூட "தெரியாது" என்பாள். யாராவது நம்மை நாள் முழுக்கச் சோதித்துக்கொண்டே இருந்தால் நாமும் அதைத்தானே சொல்வோம்? நாலாவது வாரம் நானே கோப்பை வாங்கி அலமாரிக்கு மேலே வைத்தேன். உண்மையில் இந்தச் சேவை எங்களுக்குப் பயன்பட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

துவைத்த சாக்ஸ் மடிக்கிற வேலையிலிருந்து சொல்கிறேன். ஒரு கூடை சாக்ஸைத் தரையில் கொட்டிவிட்டு, ஜோடி சேர்க்கலாமா என்று மகளைக் கேட்டிருக்கிறார். அவள் ஜோடி சேர்க்கவில்லை. எலாஸ்டிக் தளர்ந்து போனவை ஒரு பக்கம், இறுக்கமாக இருப்பவை இன்னொரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். நானாக இருந்தால் "அப்படியில்லை கண்ணு, ஒரே மாதிரி இருக்கிற ரெண்டை எடு" என்று அந்த நிமிடமே திருத்தியிருப்பேன். அவர் திருத்தவில்லை. கையில் ஒன்றை எடுத்து "இது எந்தக் குவியல்?" என்று மட்டும் கேட்டார். "அக்கா, இது தூங்கற சாக்ஸ், பாரு தொங்குது. அது முழிச்சிருக்கு" என்று பதில் வந்தது. அப்புறம் பாதி தளர்ந்த ஒன்று கிடைத்தது. அதை எங்கே வைப்பது? மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள், அவரும் அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார், கடைசியில் "கொட்டாவி விடற சாக்ஸ்" என்று மூன்றாவதாக ஒரு குவியல் பிறந்தது. தானே ஒரு விதியை வகுத்து, விதிக்கு அடங்காத ஒன்று வந்ததும் விதியையே விரித்துக்கொள்வது என்பது நாலு வயதில் பெரிய விஷயம். எந்த அட்டையிலும் அது கிடையாது.

குளியலறையிலும் இதே கதைதான். குட்டையான அகலக் குவளையிலிருந்து உயரமான ஒல்லிக் குவளைக்குத் தண்ணீரை மாற்றினால், இந்த வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றே சொல்வார்கள். ஜான் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் இதைப் பிரபலமாக்கினார். அளவு மாறவில்லை என்பது ஏறக்குறைய ஏழு வயதுவாக்கில்தான் உறுதியாகப் பிடிபடும் என்பது அவர் கணக்கு. எங்கள் மகளும் "உயரமானதில் நிறைய இருக்கு" என்றாள். அந்தப் பெண் சரியான பதிலைச் சொல்லவில்லை. "மறுபடியும் பழைய குவளையில் ஊத்திப் பார்ப்போமா?" என்றார், அவ்வளவுதான். ஊற்றினாள், பழைய கோட்டுக்கே வந்து நின்றது. திரும்பவும் மாற்றினாள். அந்த வாரம் முழுக்க குளியலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது, எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் முகத்தில் அந்த "இது எப்படி?" என்கிற பார்வையுடன் ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப ஊற்றிப் பார்ப்பதை நீங்களும் ஒரு தடவை பார்த்தால் அவசரப்படுத்த மனம் வராது.

எண்கள் விஷயத்தில் அவர் செய்தது மிகச் சாதாரணமான ஒன்று. தரையில் வரிசையாக 1 முதல் 10 வரை கட்டம் வரைந்து, காயை நகர்த்தும் விளையாட்டு. ஒரே ஒரு நிபந்தனை, காய் நாலாவது கட்டத்தில் இருந்து ரெண்டு இடம் நகர வேண்டுமானால் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணக் கூடாது, கட்டத்தில் இருக்கிறபடி "அஞ்சு, ஆறு" என்று சொல்ல வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். கீதா ராமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட இதேதான். பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகள் கால் மணி, இருபது நிமிடம் என்று நான்கே தடவை இப்படி எண் கட்டத்தில் விளையாடியபோது, எந்த எண் பெரிது, எது எங்கே வரும் என்கிற அறிவு தெளிவாகக் கூடியது. எண்ணுக்குப் பதில் வெறும் நிறக் கட்டத்தில் விளையாடிய பிள்ளைகளுக்கு அது கூடவில்லை. ஆக, விளையாடினாலே போதும் என்பதும் சரியில்லை, பெரியவர் விளையாட்டுக்குள் எதை வைக்கிறார் என்பதும் முக்கியம். அந்த அளவு அவருக்கு இயல்பாகவே தெரிந்திருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது மொழி விஷயம். அவருக்கு எங்கள் மொழி அரைகுறை. முதலில் இதைக் குறையாக நினைத்துக் கவலைப்பட்டேன், பிள்ளையும் தப்பும் தவறுமாகப் பேசப் பழகிவிடுவாளோ என்று. நடந்ததே வேறு. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் விளையாட்டு நடக்கும், மகள் டிரைவர், அவர் பயணி. பயணிக்கு "இறங்கணும்" என்ற சொல் தெரியாது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து விளக்குவாள்: "இறங்கறதுன்னா, ஏறினதைத் திருப்பிச் செய்யறது." அகராதி எழுதுபவர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார். எங்களிடம் பேசும்போது பாதி வாக்கியத்திலேயே நாங்கள் புரிந்துகொண்டுவிடுவோம், அவளும் மேலே பேச மாட்டாள். அவரிடம் முழுதாகச் சொல்லியாக வேண்டும், புரியாவிட்டால் வேறு விதமாகச் சொல்லியாக வேண்டும். விளையாட்டில் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்று லெவ் வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் சொன்னதன் அர்த்தம் அந்த நாற்காலி பஸ்ஸில்தான் எனக்குப் புரிந்தது.

சின்னவனுக்குப் பெரிதாக எதுவும் இல்லை. கரண்டியைக் கீழே போடுவான், அவர் எடுத்துக் கொடுப்பார், திரும்பவும் போடுவான். துணியால் முகத்தை மூடித் திறப்பது. அவன் ஒரு சத்தம் கொடுத்தால் அதே சத்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்தது வரும்வரை காத்திருப்பது. அந்த வயதுக்கு அதுவே நிறைய.

சரி, குறைகள். முதல் ஆறு வாரம் உண்மையிலேயே கஷ்டம். வீட்டை விட்டு வந்த பெண், அறைக்குள் அழுதுவிட்டு வருவது முகத்தில் தெரியும், அந்த நிலையில் விளையாட்டும் வராது ஒன்றும் வராது. இதைப் பற்றி ஏஜென்சி எங்களை முன்கூட்டியே தயார்படுத்தவில்லை, கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால் பத்து நாள் கழித்து அதே அட்டவணைக் கோப்பைத் திரும்ப அனுப்பினார்கள். இன்னொன்று, வேலை நேரம். 1969இல் கையெழுத்தான ஐரோப்பிய ஓ-பேர் ஒப்பந்தமே பொதுவாக நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரம் ஒரு முழு நாள் விடுப்பு வேண்டும் என்கிறது. நாட்டுக்கு நாடு இது மாறும், ஜெர்மனியில் வாரம் 30 மணி, அமெரிக்காவில் 45 வரை. நாங்களும் ஒரு மாதம் அவசரம் என்று நேரத்தை இழுத்துவிட்டோம். அந்த மாதம் முழுக்க மாலை நேரங்களில் பிள்ளைகள் கையில் டேப்லெட்தான் இருந்தது. அவர்மேல் தப்பே இல்லை. ஒரு பிள்ளையோடு பொறுமையாக விளையாடுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும், ஆறாவது, ஏழாவது மணி நேரத்தில் அது யாரிடமும் இருக்காது. நேரத்தைக் குறைத்ததும் பஸ் திரும்ப ஓட ஆரம்பித்தது.

யாருக்கு இது ஒத்துவரும்? தனி அறை கொடுக்க முடிகிறவர்களுக்கு, வீட்டில் இன்னொரு ஆளை மனதார ஏற்றுக்கொள்கிறவர்களுக்கு. காலை முதல் இரவு வரை ஆள் தேவை என்றாலோ, பள்ளிப் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும் என்றாலோ தயவுசெய்து வேறு வழி பாருங்கள்.

ஏஜென்சியின் ஆள் தேர்வை மட்டும் பாராட்ட வேண்டும். மூன்று பேரோடு வீடியோவில் பேச வைத்தார்கள், அதனால்தான் அந்த 3 நட்சத்திரம். மூவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: வெளியே மழை, நாலு வயதுப் பிள்ளை போரடிக்கிறது என்கிறது, வீட்டில் ஒரு காலி அட்டைப்பெட்டி மட்டும் இருக்கிறது, என்ன செய்வீர்கள்? ஒருவர் பெட்டியை வைத்துச் செய்யக்கூடிய எட்டுப் பத்து விஷயங்களை மடமடவென்று சொன்னார். இன்னொருவர் வீடு கட்டிக் கொடுப்பேன் என்றார். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெட்டியை அறை நடுவில் வைப்பேன். அவள் அதை என்ன செய்கிறாள் என்று முதலில் பார்ப்பேன்" என்றார். அடுத்த மாதம் புது ஆளுக்காக மறுபடி பேசப் போகிறோம், கேள்வியை மாற்றுவதாக இல்லை.