கோள் இணைவைப் படமெடுப்பவர்களுக்கு ஸ்டெல்லேரியம்: ஒரு மதிப்பீடு

இரண்டு கோள்கள் வானில் நெருங்கி நிற்கும் காட்சியைப் படமெடுக்க விரும்புபவருக்குப் புதிய லென்ஸைவிட முதலில் வேண்டியது, அந்தக் காட்சி எந்த நாளில், எந்த நேரத்தில், அடிவானத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் அமையும் என்ற தெளிவு. அந்தத் தெளிவைத் தருவதில் வானத்தைத் திரையில் வரைந்துகாட்டும் ஸ்டெல்லேரியம் என்ற கணினி மென்பொருளுக்கு நிகராக நான் வேறெதையும் கண்டதில்லை. பிரான்ஸைச் சேர்ந்த நிரலாளர் ஃபாபியன் ஷெரோ 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தத் திட்டம், தன்னார்வலர்கள் பலரின் உழைப்பால் வளர்ந்து, 2022 அக்டோபரில் 1.0 என்ற பதிப்பை எட்டியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள் இது. கோள் இணைவைப் படமெடுப்பவருடைய தேவையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு அதை இங்கே எடைபோடுகிறேன்.

முதல் வேலை நாளைக் கண்டுபிடிப்பது. எஃப் 10 விசையை அழுத்தினால் வானியல் கணக்கீடுகளுக்கான சாளரம் திறக்கிறது. அதில் நிகழ்வுகளுக்கான பகுதிக்குச் சென்று, ஒரு கோளையும் அதனோடு ஒப்பிட வேண்டியவற்றையும் தேர்ந்து, தொடக்க நாளையும் முடிவு நாளையும் கொடுத்து, இடைவெளி எத்தனை பாகைக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பிட்டால், அந்தக் காலத்தில் நிகழும் இணைவுகள் அனைத்தும் பட்டியலாக வந்துவிடும். ஒரு வரியை இருமுறை சொடுக்கினால் வானம் அந்த நேரத்துக்கே நகர்ந்துவிடுகிறது. பட்டியலில் பலரும் கவனிக்காமல் விடுவது, சூரியனிலிருந்து கோள்கள் எத்தனை பாகை விலகியுள்ளன என்பதைக் காட்டும் நெடுவரிசை. அந்த எண் மிகச் சிறியதாக இருந்தால், இடைவெளி எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தியொளியில் கோள்கள் கரைந்துபோகும். நான் பட்டியலைப் பார்க்கும்போது இடைவெளியைவிட இந்த எண்ணையே முதலில் பார்க்கிறேன்.

பட்டியல் சொல்லும் நேரத்தை அப்படியே படமெடுக்கும் நேரமாகக் கொள்ளக் கூடாது. மிகக் குறைந்த இடைவெளி அமையும் கணத்தில் நாம் நிற்கும் இடத்தில் பகலாக இருக்கலாம். கோள்கள் மறைந்தும் இருக்கலாம். வியாழனும் சனியும் போன்ற மெதுவான கோள்களாக இருந்தால் கவலையில்லை, சில மணி நேரத்தில் இடைவெளி பெரிதாக மாறாது. நிலவு சேர்ந்த காட்சி வேறு வகை. நிலவு விண்மீன்களுக்கு நடுவே ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய அரைப் பாகை, அதாவது தன் அகலத்துக்குச் சமமான தூரம், நகர்ந்துவிடுகிறது. பூமியில் நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தும் அதன் நிலை ஏறத்தாழ ஒரு பாகை வரை மாறித் தோன்றக்கூடும். ஆகவே எஃப் 6 விசையால் திறக்கும் சாளரத்தில் இடத்தைச் சரியாகக் குறிப்பதும், அமைப்புகளில் பூமியின் மையத்திலிருந்து அல்லாமல் பார்வையாளரின் இடத்திலிருந்து கணக்கிடும் தெரிவு இயங்குகிறதா என்று பார்ப்பதும் கட்டாயம்.

இந்த மென்பொருளின் உண்மையான மதிப்பு ஆக்குலர்ஸ் என்ற செருகுநிரலில், அதாவது மென்பொருளோடு இணைந்து இயங்கும் கூடுதல் நிரலில், இருக்கிறது. இது கூடவே வருகிறது. அமைப்புச் சாளரத்தில் செருகுநிரல்களுக்கான பகுதியில் தொடக்கத்திலேயே இயங்கும்படி குறித்துவிட்டு மென்பொருளை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும், அவ்வளவுதான். தொலைநோக்கிக்கான இடத்தில் லென்ஸின் குவியத்தூரத்தையும், சென்சாருக்கான இடத்தில் அதன் அகல உயரங்களை மில்லிமீட்டரிலும் பிக்சல் எண்ணிக்கையையும் கொடுத்தால், படத்தில் அடங்கும் வானப்பகுதி திரையில் ஒரு செவ்வகச் சட்டமாகத் தெரிகிறது. 36க்கு 24 மில்லிமீட்டர் சென்சாரில் 200 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்தினால் அந்தச் சட்டம் ஏறத்தாழ 10 பாகை அகலமும் 7 பாகை உயரமும் கொண்டிருக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் 40 பாகைக்கு 27 பாகை. அடிவானத்தையும் கோள்களையும் ஒரே படத்தில் கொண்டுவர முடியுமா, கேமராவை நெடுக்காகத் திருப்ப வேண்டுமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடலாம். சாதாரண முக்காலியில் எடுப்பவர்கள், தொலைநோக்கியைப் பற்றிய விவரங்களில், வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் சாய்ந்த அச்சுடைய நிலநடுவரைத் தாங்கிக்கான குறியை எடுத்துவிடுவது நல்லது. அது இருந்தால் சட்டம் அடிவானத்துக்கு இணையாக நில்லாமல் சாய்ந்து நிற்கும்.

2020 டிசம்பர் 21 அன்று நிகழ்ந்த வியாழன், சனி இணைவை மென்பொருளில் பின்னோக்கிச் சென்று பார்ப்பது ஒரு நல்ல பயிற்சி. அன்று இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 6 கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) மட்டுமே இருந்தது. முழுநிலவின் அகலத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. அவை அவ்வளவு நெருங்கியது 1623க்குப் பிறகு அதுவே முதல்முறை. சட்டத்தை 200 மில்லிமீட்டரில் வைத்துப் பார்த்தால் இரண்டும் நடுவில் ஒட்டிய இரு புள்ளிகள். இங்கே ஒரு கணக்கை நாமே போட்டுப் பார்ப்பது நல்லது. பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து 206ஆல் பெருக்கி, குவியத்தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சல் எத்தனை விகலையை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) அடக்குகிறது என்பது கிடைக்கும். 4 மைக்ரான் பிக்சலும் 200 மில்லிமீட்டர் லென்ஸும் என்றால் விடை 4 விகலைக்குச் சற்று மேல். அன்று வியாழனின் வட்டு ஏறக்குறைய 33 விகலை. ஆகவே படத்தில் அது எட்டு பிக்சல். கோள்களுக்கு இடையேயான இடைவெளி 90 பிக்சலை ஒட்டி வரும். இரண்டு ஒளிப்புள்ளிகள் தெளிவாகப் பிரிந்து தெரியும், வியாழனின் பெரிய நிலவுகளும் பதிவாகும், சனியின் வளையம் தனியாகத் தெரியாது. திரையில் உருவத்தைப் பெரிதாக்கினால் வளையம் அழகாகத் தெரிவதால் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருப்பது அவசியம். பூமியின் சுழற்சியால் விண்ணுருக்கள் நொடிக்கு 15 விகலை நகர்வதால், இதே அமைப்பில் ஒரு நொடி ஷட்டர் திறப்பே மூன்று நான்கு பிக்சல் இழுவையை உண்டாக்கும் என்பதையும் இந்தக் கணக்கே காட்டிவிடும்.

அடிவானத்தைப் பொறுத்தவரை, முதலில் திரையில் தெரிவது பிரான்ஸின் குவெரேன் என்ற ஊரின் நிலக்காட்சி. அதன் மரங்களுக்கும் நாம் நிற்கப்போகும் இடத்துக்கும் தொடர்பில்லை. நம் இடத்தின் கட்டடங்களும் மரங்களும் எந்தத் திசைக்கோணத்தில் (வடக்கிலிருந்து அளக்கும் கோணம்) எவ்வளவு ஏற்றக்கோணம் (அடிவானத்துக்கு மேலான கோணம்) வரை மறைக்கின்றன என்று அளந்து, அந்த எண்களை ஓர் உரைக்கோப்பில் எழுதிக்கொடுத்தால் மென்பொருள் அதையே அடிவானமாக வரைந்துகொள்ளும். பெரும்பாலான இணைவுகள் அந்தி நேரத்தில் தாழ்வாகவே நிகழ்வதால், இந்த உழைப்புக்கு முழுப் பலன் உண்டு. வளிமண்டலத்தை இயக்கி வைத்தால் ஒளிவிலகலும் கணக்கில் சேர்கிறது. அடிவானத்தை ஒட்டிய பொருளை அது ஏறக்குறைய அரைப் பாகை உயர்த்திக் காட்டுவதால், மறையும் நேரம் சில நிமிடங்கள் மாறிவிடுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிலவைப் பெரிதாக்கிக் காட்டும் தெரிவு ஒன்று வானக்காட்சி அமைப்புகளில் உள்ளது. அது இயங்கும்போது நிலவும் கோளும் சேர்ந்த சட்டம் முற்றிலும் பொய்யாகிவிடும் என்பதை மென்பொருள் எச்சரிப்பதில்லை; படத்தைத் திட்டமிடுபவர் அதை அணைத்தே வைக்க வேண்டும். அடுத்தது ஒளியளவு. வெள்ளியின் பொலிவு எண் (எண் குறையக் குறைய ஒளி கூடும்) மைனஸ் 4, வியாழனுடையது மைனஸ் 2 என்று மென்பொருள் சரியாகவே சொல்கிறது. ஆனால் வெள்ளி ஆறு மடங்குக்கு மேல் பிரகாசமாக இருப்பதால் ஒன்றுக்குப் பொருந்தும் திறப்பு நேரம் மற்றதற்குப் பொருந்தாது என்பதையோ, அந்தியொளி நிமிடத்துக்கு நிமிடம் குறையும்போது திறப்பு நேரத்தை எப்படி மாற்ற வேண்டும் என்பதையோ அது சொல்வதில்லை. திரையில் தெரியும் அந்தி வானம் கண்ணுக்கான மாதிரி. அதன் நிறத்தையோ ஒளியையோ நம்பிக் கேமராவை அமைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். மேகம், தூசு, மூடுபனி ஆகியவற்றுக்கு வானிலைத் தகவலைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். சாளரங்களில் தெரிவுகள் குவிந்து கிடப்பதால் புதியவர் முதல் சில நாட்கள் திணறுவார். இவ்வளவு துல்லியமான கருவிக்கு அந்தத் திணறல் பெரிய விலையல்ல என்பதே என் கருத்து.

வேறு செயலிகளும் கோள்களின் நிலையைக் காட்டும்தான். ஆனால் பல ஆண்டுகளுக்கான இணைவுகளைத் தேடும் வசதி, சென்சாரின் சட்டம், நாமே வரையும் அடிவானம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கட்டணமின்றிக் கிடைப்பது அரிது. வியாழனும் சனியும் மீண்டும் இணைவது 2040 இறுதியில், ஒரு பாகைக்குச் சற்று மேலான இடைவெளியில். அதற்கு முன் வெள்ளியும் வியாழனும், செவ்வாயும் வியாழனும், நிலவும் ஏதேனும் ஒரு கோளும் நெருங்கும் மாலைகளும் விடியல்களும் ஏராளம். இந்த மென்பொருளை வைத்திருப்பவர் எந்த நல்ல வாய்ப்பையும் தெரியாமல் தவறவிட மாட்டார்.

படமெடுக்கும் இடத்துக்கு மடிக்கணினியைக் கொண்டுசெல்பவர்கள் கண்ட்ரோல், என் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரை சிவப்பாக மாறி, இருளுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காமல் இருக்கும். கொண்டுசெல்லாதவர்கள், கோள்கள் மறையும் நேரம், அந்த நேரத்துத் திசைக்கோணம், அதற்கு அரை மணி முன் அவற்றின் ஏற்றக்கோணம் ஆகிய மூன்றை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும்; முக்காலியை எங்கே ஊன்றுவது என்பதை அவையே சொல்லிவிடும்.