தராசும் டைல்ஸும்: அல்ஜீப்ரா தொடங்குபவர்களுக்கு எதுவரை கைகொடுக்கும்?

தட்டுத் தராசு, இருநிற டைல்ஸ் (எண்ணையும் x-ஐயும் குறிக்கும் அட்டைத் துண்டுகள்) இரண்டையும் பல ஆண்டுகள் வகுப்பில் புழங்கியபின் எழுதும் குறிப்பு இது. இரண்டும் வேண்டும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

தொடங்குபவரிடம் 8 + 4 = □ + 5 என்று எழுதிக் காட்டினால் பலர் கட்டத்தில் 7-க்குப் பதில் 12 போடுவார்கள். சமக்குறி என்றால் அவர்களுக்கு ‘இனி விடையை எழுது’ என்று பொருள். 1557-இல் வேல்ஸ் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டு இந்தக் குறியைக் கொண்டுவந்தபோது, சம நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்றுதான் காரணம் சொன்னார். அந்தப் பொருளைக் கண்ணெதிரே நிறுத்துவதில் தராசுக்கு ஈடில்லை.

2x + 3 = 11-க்கு இடத்தட்டில் தலா 4 நட்டுகள் போட்டு ஒட்டிய இரண்டு காகித உறைகள், வெளியே 3 நட்டுகள்; வலத்தட்டில் 11 நட்டுகள். இதோடு நிறுத்தினால் முள் சாயும், ஏனென்றால் உறைக்கும் எடை உண்டு. வலத்தட்டில் இரண்டு வெற்று உறைகளையும் போட வேண்டும். விதைகள் சரிப்படாது, ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. இருபுறமும் 3 நட்டுகளை எடுத்து, மீதியைப் பாதியாக்கினால் உறைக்கு 4. அப்போது கேட்க வேண்டிய கேள்வி ‘உள்ளே என்ன?’ அல்ல, ‘உள்ளே எத்தனை?’ x ஒரு எண். ‘a என்றால் ஆப்பிள்’ என்று தொடங்கி வைத்தால், பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

x + 5 = 2 வந்ததும் தராசு கைவிட்டுவிடும். இல்லாத நட்டை எடுக்க முடியாது. டைல்ஸுக்கு மாற வேண்டிய இடம் இதுதான்.

டைல்ஸைக் கெட்டி அட்டையில் நாமே வெட்டிக்கொள்ளலாம். ஒரு பக்கம் நீலம் (மிகை), மறுபக்கம் சிவப்பு (குறை). ஒன்றுக்கு 2 செ.மீ. சதுரம், x-க்கு 2 × 10.7 செ.மீ. பட்டை. ஆளுக்கு 20 சதுரம், 8 பட்டை போதும். அந்த 10.7 தெரிந்தே வைத்தது. பட்டையை 10 செ.மீ. ஆக வெட்டினால் பிள்ளைகள் சதுரங்களை அடுக்கிப் பார்த்து ‘x என்றால் 5’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதன்பின் எந்தக் கணக்கிலும் அந்த 5 போகாது.

x + 5 = 2-இல் இருபுறமும் 5 சிவப்புச் சதுரங்கள் வையுங்கள். ஒரு நீலமும் ஒரு சிவப்பும் சேர்ந்தால் பூச்சியம், அந்தச் சோடியை எடுத்துவிடலாம். இடப்பக்கம் பட்டை மட்டும், வலப்பக்கம் 3 சிவப்பு. x = −3.

டைல்ஸின் உண்மையான பலம் அடைப்புக்குறியில் தெரியும். 7 − (x − 2) என்றால் 7 − x − 2 என்று எழுதுவது தீராத பிழை. ஒரு நீலப் பட்டையையும் 2 சிவப்புச் சதுரங்களையும் எடுத்து, முன்னே கழித்தல் இருப்பதால் எல்லாவற்றையும் புரட்டிப் போடச் சொல்லுங்கள். பட்டை சிவப்பாகும், சதுரங்கள் நீலமாகும். 7-உடன் சேர்த்தால் 9 − x. குறி ஏன் மாறுகிறது என்பதைக் கையே சொல்லிவிடும். விதியாக மனப்பாடம் செய்வித்ததைவிட இது நெடுநாள் நிற்கிறது.

பெரிய குறை ஒன்று உண்டு. டைல்ஸில் அழகாகச் செய்பவரே நோட்டில் 2x-ஐயும் 3-ஐயும் ஒன்றாகக் கூட்டி, 2x + 3 = 5x என்று தவறாக எழுதுவார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அப்போதே ஒரு வரி எழுத வைத்தால்தான் இது நிற்கும். பிறகு டைல்ஸுக்குப் பதில் படம், அதன்பின் வெறும் எழுத்து. 3x = 7 வரும்போது மிஞ்சும் ஒரு சதுரத்தை மூன்றாக வெட்ட முடியாது; அன்றைக்கு டைல்ஸை எடுத்து வைத்துவிடலாம்.