இருபடிச் சமன்பாடு: காரணியா, சூத்திரமா, வர்க்கப்பூர்த்தியா?

தேர்வில் க² + 4க − 3 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லியிருந்தேன். (தெரியாத எண்ணை இங்கே ‘க’ என்றே குறிக்கிறேன்.) நன்றாகப் படிக்கக்கூடிய மாணவி ஒருத்தி விடைத்தாளின் ஓரத்தில் 1, −3 என்றும் −1, 3 என்றும் இரண்டு சோடிகளை எழுதி, அவற்றின் கூடுதல் −2, 2 என்று கண்டு, இரண்டையும் அடித்துவிட்டு, ‘தீர்வு இல்லை’ என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தாள். கூட்டலிலோ பெருக்கலிலோ ஒரு பிழைகூட இல்லை. பெருக்கினால் மாறிலியும் (இங்கே −3) கூட்டினால் நடுக்கெழுவும் (க-வின் முன்னுள்ள எண், இங்கே 4) தரும் இரண்டு முழு எண்களைத் தேடுங்கள் என்று வாரக்கணக்கில் சொல்லிவந்தவன் நான்தான். அவள் தேடினாள், கிடைக்கவில்லை, அதை எழுதிவிட்டாள். முழு எண் அல்லாத தீர்வுகள் அதற்கு உண்டு என்பதால் அவளுக்கு மதிப்பெண் குறைத்தபோது எனக்கே உறுத்தியது. அடுத்த ஆண்டு முதல் பாட வரிசையை மாற்றிக்கொண்டேன்.

காரணிகளாகப் பிரிப்பது (காரணிப்படுத்தல்), கெழுக்களைச் சூத்திரத்தில் பிரதியிடுவது, ஒரு பக்கத்தை முழு வர்க்கமாக்கித் தீர்ப்பது (வர்க்கப்பூர்த்தி) என்ற மூன்று வழிகளும் ஒரே விடையைத்தான் தரும் என்பதும், மூன்றையுமே மாணவர் கடைசியில் அறிந்திருக்க வேண்டும் என்பதும் எல்லா ஆசிரியருக்கும் தெரிந்தவை. எதை முதலில் வைப்பது, எதற்கு அதிக வகுப்புகள் ஒதுக்குவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. நான் வர்க்கப்பூர்த்தியின் பக்கம் சாய்ந்தவன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

சூத்திரத்தைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. கி.பி. 628இல் இந்தியக் கணிதர் பிரம்மகுப்தர் சொற்களிலேயே சொல்லிவைத்த விதிக்கும் இன்று நாம் கரும்பலகையில் எழுதும் சூத்திரத்துக்கும் உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. எந்தச் சமன்பாட்டுக்கும் அது பொருந்தும், தேர்வறையில் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்தவன் கையில் அது எங்கே உடையும் என்பதை விடைத்தாள் திருத்தும் எவரும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: நடுக்கெழு குறை எண்ணாக இருக்கும்போது முன்னால் உள்ள கழித்தல் குறி தொலைந்துபோகும்; கீழே உள்ள வகுத்தல் கோடு வர்க்கமூலத்துக்கு அடியில் மட்டும் குறுகிவிடும். விடை தவறு என்று காட்டிக்கொடுக்கும் எதுவும் அந்தச் சூத்திரத்துக்குள் இல்லை. பிரதியிட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவன் மட்டும் தப்பித்துக்கொள்வான்.

காரணிப்படுத்தலை முதலில் கற்பிப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. பெருக்கலை எதிர்த்திசையில் செய்து பார்க்கும் பயிற்சி அது. விடை விரைவில் கிடைப்பதால் மாணவருக்கு ஊக்கம் பிறக்கிறது. விகிதமுறு கோவைகளை (மேலும் கீழும் கோவைகள் உள்ள பின்னங்களை) சுருக்கும்போது அதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆனால் அது எத்தனை சமன்பாடுகளுக்குக் கைகொடுக்கும் என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். முதற்கெழு (க²-இன் முன்னுள்ள எண்) 1 ஆகவும், நடுக்கெழுவும் மாறிலியும் 1 முதல் 10 வரையுள்ள முழு எண்களாகவும் இருந்தால் நூறு கோவைகள் அமையும். அவற்றில் முழு எண் காரணிகளாகப் பிரிவன 14 மட்டுமே. பயிற்சித் தாளில் நாம் இந்தப் பதினான்கிலிருந்தே மாற்றி மாற்றிக் கொடுத்து, உலகத்தில் உள்ள இருபடிச் சமன்பாடுகள் எல்லாம் இப்படித்தான் பிரியும் என்ற எண்ணத்தை மாணவரிடம் விதைத்துவிடுகிறோம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. க² + 5க = 6 என்று கொடுத்தால், க(க + 5) = 6 என்று எழுதி, ஆகவே க = 6 அல்லது க + 5 = 6 என்று முடிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். பெருக்குத்தொகை சுழியமாக இருந்தால்தான் காரணிகளுள் ஒன்று சுழியமாக வேண்டும் என்ற காரணம் மறந்துபோய், பிரித்து எழுதும் வடிவம் மட்டும் கையில் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தவறான வழியில் கிடைக்கும் 6, 1 என்ற இரண்டு எண்களில் 1 உண்மையிலேயே ஒரு தீர்வு. அதை மட்டும் பிரதியிட்டுப் பார்த்துவிட்டு, ‘சரியாகத்தானே வருகிறது’ என்று என்னிடம் வாதாடியவனுக்கு விளக்கிச் சொல்ல அரைமணி நேரம் ஆயிற்று.

வர்க்கப்பூர்த்தியை நான் படத்திலிருந்து தொடங்குகிறேன். இது புதிய உத்தி அன்று, கி.பி. 820ஐ ஒட்டி பாக்தாத் கணிதர் அல்-குவாரிஸ்மி இவ்வாறே சதுரமும் செவ்வகங்களும் வரைந்து விளக்கியிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்டது, ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வரும் என்ற கணக்கு. என் வகுப்பில் க² + 6க = 4 என்று வைத்துக்கொள்கிறேன். கட்டமிட்ட தாளில் க பக்கமுள்ள ஒரு சதுரத்தை வெட்டி வைத்து, க நீளமும் 3 அகலமும் கொண்ட இரண்டு பட்டைகளை அதன் வலப்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் ஒட்டச் சொல்கிறேன். ஒட்டி முடித்ததும் மூலையில் ஒரு சிறு சதுரத்துக்கு இடம் காலியாக நிற்கும். அதன் பரப்பு எவ்வளவு என்று நான் கேட்பதற்கு முன்பே ‘ஒன்பது’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்த ஒன்பதை இரண்டு பக்கமும் கூட்டினால் (க + 3)² = 13. பிறகு வர்க்கமூலம் எடுப்பதுதான் மிச்சம். ‘நடுக்கெழுவின் பாதியை வர்க்கப்படுத்திக் கூட்டு’ என்ற கட்டளையை நான் சொல்லவே வேண்டியதில்லை. பட்டையை ஏன் இரண்டாகப் பிரித்தோம் என்பதிலேயே ‘பாதி’ ஏன் வந்தது என்பது தெரிந்துவிடுகிறது.

முதற்கெழு 1 இல்லாதபோது பின்னங்கள் புகுந்து குழப்பும் என்பது பலரும் சொல்லும் குறை, அது உண்மையும்கூட. அதற்கு இந்தியக் கணிதர் ஸ்ரீதரரின் வழி நல்ல மருந்து. அவருடைய இயற்கணித நூல் கிடைக்கவில்லை என்றாலும், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் எடுத்துக்காட்டியதால் அந்த விதி நமக்கு எஞ்சியிருக்கிறது: சமன்பாடு முழுவதையும் முதற்கெழுவின் நான்கு மடங்கால் பெருக்கி, நடுக்கெழுவின் வர்க்கத்தைக் கூட்டு. 2க² − 7க + 1 = 0 என்பதை 8ஆல் பெருக்கினால் 16க² − 56க = −8 என்றாகும்; இருபுறமும் 49ஐக் கூட்டினால் (4க − 7)² = 41. ஒரு பின்னமும் தலைகாட்டவில்லை. எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து இதையே ஒருமுறை செய்துவிட்டால், சூத்திரம் மாணவரின் கையெழுத்திலேயே நோட்டில் வந்து நிற்கும்.

என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தைத் தீர்த்துவைப்பது ஒரே கேள்விதான்: பயிற்சி நின்றுபோன இரண்டு மாதத்துக்குப் பிறகு மாணவரிடம் எது மிஞ்சியிருக்கிறது? காரணிப்படுத்தல் கைப்பழக்கம் சார்ந்த திறமை. நாள்தோறும் நாலு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் கூர்மையாக இருக்கும், விட்டுவிட்டால் மழுங்கிவிடும். சூத்திரமோ பாதி நினைவில் இருந்தால் முழுவதும் மறந்ததைவிட மோசம், ஏனென்றால் பாதி நினைவை நம்பி எழுதுகிறவர்கள்தான் அதிகம். வர்க்கப்பூர்த்தியை மறந்தவன் ஒரு சதுரத்தையும் இரண்டு பட்டைகளையும் வரைந்தால் தானே மீட்டெடுத்துக்கொள்கிறான். நீண்ட விடுமுறை முடிந்த முதல் நாளில், முன்னறிவிப்பின்றி ஒரு சமன்பாட்டைக் கொடுத்துப் பார்ப்பது என் வழக்கம். முன்பு வெற்றுத்தாளோ தவறான சூத்திரமோதான் திரும்பி வரும். இப்போது விடை வராத தாள்களிலும்கூட ஓரத்தில் அந்தச் சதுரம் வரையப்பட்டிருக்கிறது. அதிலிருந்து பாடத்தைத் தொடர முடிகிறது.

கற்றது பின்னால் எத்தனை இடத்தில் பயன்படுகிறது என்பதும் இதோடு சேர்ந்ததே. பரவளையத்தின் முனையைக் கேட்டால், க² + 4க − 3 என்பதை (க + 2)² − 7 என்று எழுதிய கையோடு, மிகச் சிறிய மதிப்பு −7 என்றும் அது க = −2இல் வருகிறது என்றும் படித்துவிடலாம். ‘ச’ என்ற இன்னொரு மாறியும் சேர்ந்த க² + ச² + 4க − 6ச = 12 என்ற வட்டத்தின் சமன்பாடு (க + 2)² + (ச − 3)² = 25 ஆகி, மையத்தையும் 5 என்ற ஆரத்தையும் காட்டிவிடுகிறது. தீர்வு உண்டா இல்லையா என்று சொல்லும் தன்மைக்காட்டி என்று தனியாக ஒரு விதியைத் திணிக்கவும் வேண்டாம்; க² + 4க + 9 = 0 என்பது (க + 2)² = −5 என்று வந்து நிற்கும்போது, மெய்யெண் தீர்வு இல்லை என்று அதே மாணவி இம்முறை காரணத்தோடு எழுத முடியும்.

இனி என் பக்கத்து ஓட்டைகள். நடுக்கெழு குறை எண்ணாக இருந்தால் பட்டைகளை ஒட்டுவதற்குப் பதிலாக வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. மூலைச் சதுரம் இரண்டு முறை வெட்டுப்பட்டதால் ஒருமுறை திருப்பிச் சேர்க்க வேண்டும் என்பதைப் பாதி வகுப்பு முதல்முறை ஏற்றுக்கொள்வதில்லை. அங்கே நான் படத்தை விட்டுவிட்டு வர்க்கத்தை விரித்தெழுதும் முற்றொருமைக்குப் போய்விடுகிறேன், அது கொஞ்சம் நழுவல்தான். தொடக்கத்தில் நாலைந்து வகுப்புகள் கூடுதலாகச் செலவாகின்றன. குறை எண்களின் கூட்டலிலேயே தடுமாறும் மாணவர் நிறைந்த வகுப்பில் இந்த வரிசையை நான் முயன்றதில்லை. அங்கே காரணிப்படுத்தலின் சிறு வெற்றிகள்தாம் முதலில் தேவையோ என்னவோ. என் அனுபவம் மூன்று ஆண்டுகளுடையது, அதுவும் ஒரே பள்ளியில்.

இப்போதைக்கு என் வரிசை இதுதான்: படத்தோடு வர்க்கப்பூர்த்தி, அதிலிருந்து சூத்திரம், கடைசியாகக் காரணிப்படுத்தல். காரணிப்படுத்தலுக்கு வரும்போது, அந்தப் பதினான்கு கோவைகளோடு பிரியாத சிலவற்றையும் கலந்து கொடுத்து, எவை பிரியும் எவை பிரியாது என்று முதலில் வகைப்படுத்தச் சொல்கிறேன். தீர்ப்பது அதற்கு அடுத்த வகுப்பில்.