கயிற்றில் தொங்கும் புத்தகங்கள்: எங்கள் ஊர்ப் பள்ளி நூலகம்

சீர்காழிப் பக்கம் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் மகள் ஏழாவது படிக்கிறாள். அங்கே இருக்கும் நூலகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று அலைகிறவர்கள் கட்டடம், கழிப்பறை, தண்ணீர் எல்லாம் பார்க்கிறார்கள். சரிதான். அப்படியே நூலகத்தையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்.

இங்கே அதற்குத் தனி அறை கிடையாது. ஐந்தாம் வகுப்பின் பின்சுவரில் நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் புத்தகங்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஓர் இரும்பு பீரோ, ஒரு கோரைப்பாய், ஒரு நீள நோட்டு. நூலகர் என்று யாரும் இல்லை, தமிழ் டீச்சர்தான் பார்த்துக்கொள்கிறார். யார் எதை எடுத்தார்கள் என்பதை நோட்டில் பிள்ளைகளே எழுதிக்கொள்கிறார்கள்.

கயிற்றில் இருப்பவை பெரும்பாலும் அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலை. எந்த வகுப்பு என்று பார்க்காமல், எவ்வளவு வாசிக்க வருகிறது என்று பார்த்துப் பிரித்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. எதிர்வீட்டுப் பையன் ஆறாவது படிக்கிறான். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். பாடப்புத்தகத்தைத் திறந்தாலே வயிற்றுவலி என்பான். ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, 'நுழை' புத்தகம் ஒன்றை மடியில் விரித்து, ஆள்காட்டி விரலை எழுத்துக்கு அடியில் நகர்த்தி நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தான். கடைசிப் பக்கம் முடிந்ததும் மூடினான். அட்டையைத் தடவிப் பார்த்தான். மறுபடி முதல் பக்கத்தைத் திறந்தான். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பையன் ஒரு முழுப் புத்தகத்தைப் படித்து முடித்தது அதுதான் முதல் தடவை என்று அவன் அம்மா சொன்னார்.

மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. ஜூலையில் கதை சொல்லல். ஆகஸ்ட் 12 நூலகர் தினம். அந்த நாளுக்குக் காரணமான, இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்தது எங்கள் சீர்காழியில்தான். அன்றைக்குக் கிழிந்த புத்தகங்களை எல்லாம் பாயில் கொட்டி, பிள்ளைகளையே சரிசெய்யச் சொன்னார்கள். கோந்தும் பழைய காலண்டர் தாளும் பள்ளியில் இருந்தன. ஊசியும் கெட்டி நூலும் என்னிடமிருந்து போயின. மகள் போட்ட தையல் கோணல்தான், ஆனால் இப்போது பிரித்தால் பக்கம் கையோடு வருவதில்லை. அடுத்த மாதம், கதையில் வரும் யாருக்காவது கடிதம் எழுத வேண்டும். இவள் ஓர் ஆட்டுக்குட்டிக்கு எழுதினாள்: 'நீ ஆற்றைத் தாண்டியது பெரிய விஷயம்தான். அதற்காக உன் அம்மாவிடம் சொல்லாமல் போவாயா?' நான் அந்தத் தாளை மடித்து அளவு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். நவம்பர் 14 அன்று நூலக வாரம் தொடங்கியதும் கிளை நூலகத்துக்கு நடத்திக் கூட்டிப்போய் உறுப்பினராகச் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் பள்ளிப் பிள்ளைகளுக்காக அரசு வெளியிடும், மாதம் இரண்டு முறை வரும் தேன்சிட்டு இதழ். அது வந்த அன்று மகளின் வகுப்பில் யார் முதலில் எடுப்பது என்று சண்டையே நடக்கும்.

ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டுத் தேர்வு நெருங்கினால் கயிற்றில் இருப்பதை எல்லாம் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். மறுபடி ஜூனில்தான் திறக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நேரம் கொட்டிக் கிடப்பதே மே மாதத்தில்தான். ஏதாவது தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற டீச்சரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்த ரங்கநாதன், புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பதைத்தான் 1931இலேயே முதல் விதியாக வைத்தார். அவர் பிறந்த மண்ணில் புத்தகத்துக்குப் பூட்டு எதற்கு?

போன மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, லீவுக்கு ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுங்கள், தொலைந்தால் நாங்கள் வாங்கித் தருகிறோம் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பையன் இப்போது 'நட'வுக்கு வந்துவிட்டான். அவன் அம்மாவும் நானும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறோம்.