ரேநாக்ஸ் டிசிஆர்-250: பெரிய ஜூம் கையில் இருந்தால் தாராளமாக வாங்கலாம்

பூச்சி மாதிரி குட்டியானவற்றை நெருக்கத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸின் விலையைப் பார்த்து மலைத்துப்போனவர்கள் பலரும் கடைசியில் வந்து சேருவது, கையில் உள்ள லென்ஸ் முன்னால் மாட்டும் இந்தக் குட்டிக் கண்ணாடியிடம்தான். ஜப்பான் தயாரிப்பு, சக்தி 8 டயாப்டர் (இந்த எண் கூடக்கூட உருவம் பெரிதாகும்). கூடவே வரும் கிளிப்பின் இரண்டு பக்கமும் அமுக்கி, ஃபில்டர் அளவு (லென்ஸின் முன்வாய் விட்டம்) 52 முதல் 67 மி.மீ. வரை உள்ள லென்ஸ் முன்னால் மாட்டினால் வேலை முடிந்தது, வெளிச்சமும் குறையாது.

என்னுடையது 55-250 மி.மீ. ஜூம். ஃபோகஸை இன்ஃபினிட்டியில், அதாவது கடைசித் தூரத்தில், வைத்துவிட்டால் 125 மி.மீ.-ல் பூச்சி அதன் அசல் அளவிலேயே சென்சாரில் விழும், 250-ல் இரண்டு மடங்கு. எனக்கு ரொம்பப் பிடித்தது, ஜூம் எங்கே இருந்தாலும் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி அதே 12 செ.மீ. சொச்சம்தான். அதனால் நகராமலே ஃபிரேமை இறுக்கலாம், தளர்த்தலாம், மீசைக்கு முன்னால் கொஞ்சம் இடம் விடலாம். சாதாரண மேக்ரோ லென்ஸில் இதற்கு முன்னே பின்னே போய்த்தான் ஆகவேண்டும், அதற்குள் பூச்சி பறந்திருக்கும்.

சரி, டெப்த், அதாவது முன்னும் பின்னுமாக எவ்வளவு ஆழம் ஷார்ப்பாக வரும்? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 250-ல் லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும் ஷார்ப்பாக வருவது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தாவும் சிலந்தியின் முன் கண்கள் கிடைத்தால் கால்கள் போச்சு. இன்னும் சுருக்கி எஃப் 22-க்கு ஓடினால் படம் மொத்தமும் மழுங்கும். அதைவிட ஜூமை 125-க்கு இறக்குங்கள், அதே எஃப் 11-ல் டெப்த் கிட்டத்தட்ட நாலு மடங்காகும், அப்புறம் வேண்டிய அளவுக்கு கிராப் செய்துகொள்ளலாம். ஊசித்தட்டான் மாதிரி நீளமானதை, உடம்பு சென்சாருக்கு இணையாக இருக்கும்படி பக்கவாட்டில் எடுத்தால் தலை முதல் வால் வரை வந்துவிடும், டெப்த் பற்றிய கவலை நிறையக் குறையும்.

கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் பச்சைப் புழுவை எடுத்துப் பாருங்கள். பெரிய கண் மாதிரி தெரிவது கண்ணே இல்லை, வெறும் பொட்டு. நிஜத் தலை அதற்குக் கீழே ஒளிந்திருக்கும். இருந்தாலும் நான் ஃபோகஸ் வைப்பது அந்தப் பொய்க் கண்ணில்தான், பார்ப்பவர் பார்வை முதலில் அங்கேதான் போகும். இலை விளிம்பு அதே தளத்தில் வரும்படி கேமராவைக் கொஞ்சம் சாய்த்தால் புழு அந்தரத்தில் தொங்குவதுபோல் இருக்காது.

குறைகளும் உண்டு. ஆட்டோஃபோகஸ் தடுமாறும், மேனுவலில் வைத்து நம் உடம்பை மெல்ல முன்னே பின்னே அசைத்து, தொடர்ச்சியாகச் சுடுவதே நல்லது. ஜூமை 55 பக்கம் கொண்டுபோனால் மூலைகள் கறுத்துவிடும், ஆகவே 18-55 மட்டும் வைத்திருப்பவர்கள் இதைத் தொடவேண்டாம். பூச்சியை எடுத்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் பறவை வந்தால் கழற்றித்தான் ஆகவேண்டும், இது மாட்டியிருக்கும்போது தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது. பட்டாம்பூச்சியும் பூக்களும் போதும் என்றால் இதன் தம்பி டிசிஆர்-150 போதும், அது 4.8 டயாப்டர், எட்ட நின்றே எடுக்கலாம், டெப்த்தும் அவ்வளவு படுத்தாது.