சென் பாணியா, யாங் பாணியா? தாய் சியைச் சண்டைக் கலையாகப் பழக விரும்புகிறவர்களுக்கு

‘ஒற்றைச் சாட்டை’ என்று ஒரு நிலை. தாய் சியின் எல்லாப் பெரிய பாணிகளிலும் இது உண்டு. யாங் பாணிக்காரர் வலது கை விரல்நுனிகளைப் பறவையின் அலகு போலக் குவித்துக் கீழே மடக்குவார். இடது காலை முன்னால் எடுத்து வைத்து, இடது உள்ளங்கையை மெல்ல முன்பக்கம் தள்ளுவார். எடை முன்காலுக்குப் போய்ச் சேரும். எதிரே நிற்கும் ஒருவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது போலவே இருக்கும்.

சென் பாணியிலும் அதே பெயர்தான், அதே குவிந்த வலது கைதான். ஆனால் கால்கள் பக்கவாட்டில் அகன்று, இடுப்பு நன்றாகத் தாழ்ந்து, இடது கை வயிற்றுக்கு முன்னாலிருந்து கிளம்பி ஒரு பெரிய வளைவில் இடப்பக்கம் விரியும். கை போய் நின்ற பிறகும் அசைவு முடியாது. தோள் அமரும், முழங்கை அமரும், இடுப்பு ஒரு சின்னத் திருப்பம் திரும்பும். ஈரத்துணியைப் பிழிந்து முறுக்கி நிறுத்தினாற்போல உடம்பு முழுக்க அந்த முறுக்கு அடங்கி நிற்கும்.

எட்டு வருடம் யாங் பழகிய பிறகு சென் பக்கம் போனவன் நான். இரண்டையும் இப்போதும் விடவில்லை. ‘தற்காப்புக்காகக் கற்க வேண்டும், எதில் சேரலாம்?’ என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் இந்த அலசல்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தாய் சி என்ற பெயரில் உள்ள ‘சி’க்கும், மூச்சு, உயிர்ச்சக்தி என்று பொருள்படும் சீனச் சொல்லுக்கும் உறவில்லை. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரிவதால் வந்த வினை அது. சீனத்தில் இதன் முழுப் பெயர் தாய்ஜிசுவான். ‘தாய்ஜி’ என்பது யின், யாங் இரண்டும் பிரிவதற்கு முன்னான மூலநிலையைக் குறிக்கும் தத்துவச் சொல். ‘சுவான்’ என்றால் முஷ்டி, அதாவது குத்துச்சண்டை முறை. பெயரிலேயே முஷ்டி இருக்கிறது. பூங்காவில் முதியவர்கள் செய்யும் மெதுவான உடற்பயிற்சி என்றே கேள்விப்பட்டவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம். இன்னொன்று, யாங் பாணியில் உள்ள ‘யாங்’ ஒரு குடும்பப் பெயர். யின்-யாங்கில் வரும் யாங் வேறு.

இரண்டு பாணிக்கும் பிறந்த வீடு ஒன்றே. ஹெனான் மாகாணத்தில் வென் மாவட்டத்தைச் சேர்ந்த சென்ஜியாகோ கிராமம். சாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவி வூடாங் மலையில் இதைக் கண்டறிந்தார் என்பது அழகான கதை. ஆனால் 1930களில் ஆராய்ச்சியாளர் தாங் ஹாவ் அந்தக் கிராமத்துக்கே போய்த் தேடி, மிங் அரசு வீழ்ந்த காலத்தில் வாழ்ந்த சென் வாங்டிங் என்பவரையே மூலவராகக் காட்டினார். 16ஆம் நூற்றாண்டுத் தளபதி சி ஜிகுவாங் தன் படைவீரர்களுக்காகத் தொகுத்த 32 நிலைகளில் பெரும்பாலானவை சென் குடும்பத்துப் பயிற்சியில் அதே பெயர்களில் கிடைப்பது இந்தத் தரப்புக்கு வலு சேர்க்கிறது. போர்க்களத்துப் பயிற்சியிலிருந்து வந்த கலை என்பது என் நம்பிக்கையும்.

யாங் லூசான் (1799–1872) ஹெபெய் மாகாணத்து யோங்னியன் ஊர்க்காரர். சென்ஜியாகோ போய், சென் குடும்பத்து ஆசிரியர் சென் சாங்சிங்கிடம் பல வருடம் இருந்து கற்றார். சுவரில் இருந்த ஓட்டை வழியாக ஒளிந்து பார்த்துக் கற்றார் என்று சொல்வதெல்லாம் பின்னால் சேர்ந்த கதைகளாகத்தான் தெரிகின்றன. பிறகு பெய்ஜிங் போய், அரசகுலத்தாருக்கும் காவல்படையினருக்கும் கற்பித்து, ‘தோல்வி காணாத யாங்’ என்று பெயரெடுத்தார். இன்று நாம் பார்க்கும் நிதானமான, ஒரே சீரான, அகன்ற யாங் பாணி அவர் செய்தது அப்படியே அல்ல. அவருடைய பேரன் யாங் செங்ஃபூ (1883–1936) துள்ளல், மிதிப்பு, திடீர் வேக மாற்றம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, யாரும் பழகக்கூடியதாக வடித்துத் தந்த வடிவம் அது. 1956இல் சீன அரசின் விளையாட்டுக் குழு வெளியிட்ட 24 நிலைச் சுருக்க வடிவமும் இதிலிருந்தே எடுக்கப்பட்டது. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். உலகெங்கும் அதிகம் பேர் செய்வது அதுதான். உடம்புக்கு நல்லது. சண்டைக் கலை வேண்டும் என்றால் அதை அறிமுகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சென் பாணி வெளியுலகுக்கு வர வெகுகாலம் ஆனது. 1928இல் சென் ஃபாகே பெய்ஜிங் வந்து கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்கள் அதைக் கூர்ந்து பார்த்தார்கள். ‘இதுவும் தாய் சியா?’ என்று அப்போது பார்த்தவர்களுக்குத் தோன்றியிருந்தால் ஆச்சரியமில்லை. தொடக்கத்திலேயே ‘வஜ்ர வீரன் உரலில் இடித்தல்’ என்று ஒரு நிலை வரும். வலது முஷ்டி இடது உள்ளங்கையில் விழும் அதே கணத்தில் வலது கால் தரையில் ‘தொம்’மென்று இறங்கும். இரண்டாவது தொகுப்புக்குப் பெயரே ‘பீரங்கி முஷ்டி’. அதில் பாதிக்கு மேல் வெடிப்பும் துள்ளலும்தான்.

சரி, இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு என்ன? இரண்டு பக்கத்தாரும் பட்டுக்கூட்டையே உவமையாகச் சொல்கிறார்கள், ஆனால் வெவ்வேறு விதமாக. யாங் பாணியில் பட்டு இழுப்பது. கூட்டிலிருந்து நூலை ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். வேகம் கூடினால் நூல் அறும், குறைந்தால் சிக்கும். அந்தச் சீர்தான் அங்கே பயிற்சி. சென் பாணியில் பட்டு சுற்றுவது. கணுக்காலில் தொடங்கும் திருகல் முழங்கால், இடுப்பு, முதுகு, தோள் என்று ஏறி விரல்நுனி வரை சுருளாக வந்து சேர வேண்டும். மெதுவாகத் திருகித் திருகிச் சேர்த்ததை ஒரு கணத்தில் விட்டால் அது ஃபாஜின், விசை வெளிப்பாடு. தூரத்தில் நின்று பார்த்தால் கை மட்டும் அதிர்ந்தது போலத் தெரியும். பக்கத்தில் நின்றால் சட்டை படபடக்கும் சத்தமே கேட்கும்.

சென் பாணியில் மென்மையும் வன்மையும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. யாங் பாணியில் வன்மை மென்மைக்குள்ளேயே கிடக்கிறது. ‘பஞ்சுக்குள் ஊசி’ என்று சீனர்கள் சொல்வார்கள். நல்ல யாங் ஆசிரியரின் முன்கையைத் தொட்டுப் பார்த்தால் இது புரியும். தசை எங்கும் விறைப்பில்லை, ஆனால் அழுத்தினால் உள்ளே போகவும் முடியவில்லை. காற்று நிரம்பிய டயரை அழுத்துகிற மாதிரி இருக்கும். இதற்குப் பெயர் ‘பெங்’. இது இல்லாமல் எந்தப் பாணியும் தாய் சி ஆகாது.

என் கணிப்பு இதுதான்: சென் பாணி கற்பவரின் பிழையைச் சீக்கிரம் காட்டிக் கொடுக்கிறது, யாங் பாணி அதை வெகுகாலம் மூடி வைக்கிறது. சென் வகுப்பில் முதல் முறை விசையை வெளிப்படுத்தச் சொன்னார்கள். இடுப்பிலிருந்து வருகிறது என்று எட்டு வருடமாக நான் நம்பியிருந்த அசைவு, தோளிலிருந்து வந்தது. பார்த்தவர்களுக்கும் தெரிந்தது, மறுநாள் காலையில் என் தோளுக்கும் தெரிந்தது. யாங் வடிவத்தை நான் தினமும் செய்துகொண்டுதான் இருந்தேன். அதன் சீரான ஓட்டம் எனக்கே என் தவற்றைக் காட்டவில்லை. பழக்கூடையைக் கொண்டு வைப்பது போலக் கையை நீட்டினாலும், உள்ளே விசையோடு நீட்டினாலும், வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். யாங் பாணியில் பல வருடம் இருந்தும் சண்டைப் பக்கம் எதுவுமே தெரியாதவர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கலை அதில் இல்லாமல் போகவில்லை, ஆனால் அது இருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை.

சோதிக்கும் இடம் துய்ஷோ, அதாவது தள்ளும் கைப் பயிற்சி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டும் முன்கையும் ஒட்டியபடி, ஒருவர் தள்ள மற்றவர் வாங்கித் திருப்பிவிட, இப்படியே சுற்றிக்கொண்டிருப்பார்கள். எட்டு அடிப்படை விசைகள் உண்டு. தாங்கி விரிவது, வாங்கித் திருப்புவது, நெருக்குவது, அழுத்துவது என்ற முதல் நான்கும், யாங் பாணியில் ‘குருவியின் வாலைப் பிடித்தல்’ என்ற ஒரே தொடருக்குள் வரிசையாக அமைந்திருக்கின்றன. எவ்வளவு அருமையான ஏற்பாடு! மீதி நான்கு பறித்து இழுப்பது, பிளப்பது, முழங்கையால் தாக்குவது, தோளால் மோதுவது.

தத்துவம் என்று பேசப்படுவதெல்லாம் எனக்கு இங்கேதான் உடம்பில் இறங்கியது. ‘தன்னை விட்டுவிட்டு எதிராளியைப் பின்தொடர்’ என்று பழைய தாய் சி நூல்கள் சொல்கின்றன. படிக்கும்போது உபதேசம் மாதிரி இருந்தது. கை ஒட்டி நிற்கும்போது அது வெறும் செய்முறைக் குறிப்பு. நான் ஒரு திட்டத்தோடு தள்ளினால் அந்தத் திட்டத்தையே பிடித்து என்னை இழுத்துவிடுகிறார்கள். எனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் தொடுகையை மட்டும் கவனித்தால், எதிரே இருப்பவரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது அவர் மணிக்கட்டு வழியாகவே தெரிய ஆரம்பிக்கிறது. இதைக் ‘கேட்கும் விசை’ என்கிறார்கள். காதால் கேட்பதல்ல, தோலால் கேட்பது. வாங் சோங்யுவே பெயரில் வழங்கும் பழைய உரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஓர் இறகின் எடை கூடினாலும் உணர வேண்டும், ஓர் ஈகூட மேலே வந்து உட்கார முடியக்கூடாது என்கிறது. ‘இரட்டைப் பளு’, அதாவது எடையை ஒரு பக்கம் மாற்றாமல் இரு பக்கமும் சமமாகத் தேக்கி நிற்கும் நோயைப் பற்றியும் அதே உரை பேசுகிறது. பல வருடம் பழகியும் எதிராளியின் விசையைக் கரைக்கத் தெரியாமல் அவர் பிடியிலேயே சிக்குகிறவர்களுக்கு இந்த நோய்தான் என்கிறது. நானும் அந்த நோயில் வெகுகாலம் இருந்தேன்.

துய்ஷோவிலும் பாணிகள் வேறுபடுகின்றன. யாங் பக்கம் வட்டங்கள் பெரியவை, நிற்பது சற்று உயரமாக, எதிராளியை வேரோடு கிளப்பி அப்படியே பின்னால் அனுப்பிவிடுவது நோக்கம். சென் பக்கம் தூரம் குறைவு. மூட்டைப் பிடிப்பது, காலை இடறுவது, தோளால் மோதுவது எல்லாம் சீக்கிரமே வந்துவிடும். மல்யுத்தம் பழகிய ஒருவருக்குச் சென் பக்கம் உடனே பிடிபடும். ஆயுதம் என்று வந்தால் நீண்ட வெள்ளை மெழுகுமரக் கம்பைப் பிடித்து அதிர வைக்கும் பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தது. இடுப்பிலிருந்து விசை வந்தால் கம்பின் நுனி துடிக்கும், கையிலிருந்து வந்தால் கம்பு முழுக்க ஆடும்.

மேடைச் சண்டையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1954 ஜனவரியில் மக்காவ் நகரில், ஹாங்காங் ஷெக் கிப் மெய் தீவிபத்தில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்ட ஒரு போட்டி நடந்தது. தாய் சியின் இன்னொரு பாணியான வூ பாணியின் தலைவர் வூ கோங்யீ ஐம்பதைத் தாண்டியவர். எதிரே வெள்ளைக் கொக்குப் பாணியைச் சேர்ந்த, அவரைவிட மிகவும் இளையவரான சான் ஹாக்ஃபூ. சானின் மூக்கில் ரத்தம் வந்தது, முடிவு சொல்லாமலே நிறுத்தினார்கள். 2017இல் செங்டு நகரில் கலப்புச் சண்டை வீரர் சூ சியாவ்டோங், தாய் சி ஆசிரியர் என்று சொல்லிக்கொண்ட வெய் லெயை அரை நிமிடத்துக்குள் வீழ்த்திவிட்டார். அந்தக் காணொளி உலகெங்கும் பரவியது. அதைப் பார்த்துக் கோபப்பட்ட தாய் சிக்காரர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரவில்லை. எதிர்க்கிற ஆளோடு, முழு வேகத்தில், அடி வாங்கிப் பழகாத எந்தக் கலையும் மேடையில் அப்படித்தான் விழும். அதற்குச் சென், யாங் என்ற வேறுபாடு கிடையாது. சென் பாணியில் காலை ஓங்கி மிதித்துப் பழகுகிறவர்கள் தாங்கள் சண்டைக்குத் தயாராகிவிட்டதாக நினைத்துவிடும் ஆபத்து இதனால்தான் அதிகம். காற்றில் வெடிப்பது வேறு, திமிறுகிற உடம்பின் மேல் வெடிப்பது வேறு.

முழங்கால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சென் பாணியின் தாழ்ந்த நிலையும் திருகலும் சேர்ந்து, முழங்கால் பாத விரல்களின் திசையை விட்டு உள்ளே சரிந்தால் சவ்வு பாதிக்கும். எனக்கு ஆறு மாதம் வலி இருந்தது. தாழ நிற்கச் சொன்ன இடத்தில் முழங்காலைப் பார்த்துத் திருத்த ஆள் இல்லை. நாற்பதைத் தாண்டி ஆரம்பிக்கிறவர்கள் உயரமாக நின்றே தொடங்கலாம், கலையில் ஒன்றும் குறைந்துவிடாது.

அப்படியானால் எதில் சேர்வது? இளம் உடம்பு, சண்டைப் பக்கம்தான் முதல் ஆசை, ஊரில் இரண்டுக்கும் ஆசிரியர் உண்டு என்றால் சென் பாணியின் ‘லாவ்ஜியா’ (பழைய வடிவம்) முதல் தொகுப்பில் தொடங்குங்கள். பிழை சீக்கிரம் தெரியும், சீக்கிரம் திருத்தலாம். பின்னால் யாங் வடிவத்தைச் செய்யும்போது அந்தச் சீரான ஓட்டத்துக்குள் எதை வைக்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கும். நான் எதிர்த்திசையில் வந்து வருடங்களைச் செலவழித்தவன் என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

ஆனால் வாரம்தோறும் துய்ஷோ செய்யவைக்கும் யாங் ஆசிரியரும், வடிவத்தை மட்டுமே சொல்லித்தரும் சென் ஆசிரியரும் என்று வந்தால், யோசிக்காமல் யாங் ஆசிரியரிடம் போங்கள். முதல் நாளே ‘உங்கள் கையைத் தொட்டுப் பார்க்கலாமா?’ என்று பணிவோடு கேளுங்கள். நல்ல ஆசிரியர் மறுக்க மாட்டார். முன்கையை நீட்டி, ‘தள்ளிப் பாருங்கள்’ என்பார். தள்ளுங்கள். உங்கள் கால் எப்போது தரையை விட்டது என்று தெரியாமல் இரண்டடி பின்னால் நின்றீர்கள் என்றால், அவரிடமே சேர்ந்துவிடுங்கள்.